அலையாற்றும் இல்லம்

உலகத்து மக்கள் யாவரும் அமைதியை விரும்புகின்றனர். வயலிற் சேறு மிதித்து மீள்வோனும், கடையிற் கணக்கெழுதி மீள்வோனும், அலுவலகத்திற் பிறர் ஏவல் கேட்டு மீள்வோனும் மாலைப்பொழுதில் நாடுவது தத்தம் இல்லத்தையே. ஆண்டு நோயின்றியும் பூசலின்றியும் சிறிதுபோழ்து இருத்தல் கூடுமாயின் அதனிற் பெரிய பேறு பிறிதில்லை என்பது அவர்கள் கருத்து. ஆயினும், அங்ஙனம் நாடிச் சென்ற இல்லத்திலே அமைதி கண்டோர் சிலரே. வாயிலைக் கடந்த அளவில் ஒரு சொல் எதிர்ப்படுகின்றது. அச்சொல்லுக்கு ஒரு மறுசொல் பிறக்கின்றது. உணவு சுவையற்றுப் போகின்றது. உறக்கமும் வாராது இரவு கழிகின்றது. புறத்தே பட்ட துன்பம் போதாதென்று அகத்தேயும் துன்பமோ என்று அவர் நோகின்றார். அவ்வாறு நோகுங்கால், இல்லத்திலுள்ள ஏனையோரும் தம்மைக் குறித்து அவ்வாறே நோகின்றனர் என்பதை அவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆகலின், இல்லத்தின் அமைதி எதனால் உண்டாவது என்பது ஆராயத்தக்கதாகின்றது. இது குறித்து உலகத்தில் இருதிறக் கொள்கைகள் உள. அகன்ற அறைகளும், நல்ல காற்றும், வேண்டிய பொருள்களும் நிறைந்திருப்பின் அமைதி தானே வரும் என்பர் ஒரு சாரார். புறப்பொருள் எதுவாயினும் ஆகுக, மனம் அடங்கினோனுக்குக் குடிலும் மாளிகையும் ஒன்றே என்பர் மற்றொரு சாரார். முன்னையோர் கூற்று முற்றும் உண்மையாயின் செல்வர் மனைகளிற் பூசல் இருத்தலாகாது, இருக்கின்றது. பின்னையோர் கூற்று முற்றும் உண்மையாயின் புகையடைந்த அறையில் இருமிக் கிடக்கும் தாயை நோக்கி, "மனத்தை அடக்குக" என்று கூறிவிட்டு அப்பாற் செல்லுதல் அறமாதல் வேண்டும். அஃது அறமாகாது என்பதற்குச் சான்று வேண்டா. இரண்டும் குறையுடையன என்பது இதனால் விளங்கும்.

இவ்விரண்டினையும் இணைத்துக் காண்டற்குச் சித்தாந்த நூல்கள் ஒரு வழி காட்டுகின்றன. உயிரின் இயல்பினைக் கூறுங்கால், அது சார்ந்ததன் வண்ணமாகும் தன்மையுடையது என்று அவை கூறும். செம்மலரின் அருகே வைத்த பளிங்கு செம்மை காட்டும். நீலமலரின் அருகே வைத்த அதுவே நீலம் காட்டும். உயிரும் அத்தகையதே. தனித்து நிற்றல் அதற்கு இயலாது. எதனைச் சார்கின்றதோ அதன் நிறம் பெற்று விளங்கும். பிறந்த குழவிக்கு முதற்சார்பு இல்லம். அஃது உறங்குமிடமும், உண்ணும் உணவும், செவியிற் படும் சொல்லும், காணும் முகங்களும் அதன் சார்பாகின்றன. ஆதலால் இல்லத்தைச் செம்மைப்படுத்துதல் உயிருக்குப் புறம்பான செயலன்று.

இதனை யாவரும் உடன்படுவர். ஆயின் இதனின்று பெறப்படும் மற்றொன்றைப் பலர் கருதுவதில்லை. இல்லத்திலுள்ள ஏனையோர் ஒருவனுக்குச் சார்பாயின், அவனும் அவர்க்குச் சார்பாகின்றான் அல்லனோ? தந்தை மகனுக்குச் சூழல். மகன் தந்தைக்குச் சூழல். மாமி மருமகட்குச் சூழல். மருமகள் மாமிக்குச் சூழல். ஆகவே, "என் இல்லம் எனக்கு அமைதி தருகின்றதா?" என்னும் வினாவினும், "என் இல்லத்தார்க்கு நான் அமைதியாய் இருக்கின்றேனா?" என்னும் வினாவே முற்பட எழுதற்குரியது. இவ்வுண்மையை நூல்வழியாலன்றிக் கண்கூடாகவே காட்டும் ஓரிடம் சோழநாட்டில் உண்டு.

காவிரி பாய்ந்து வளம்படுத்தும் நெல்வயற்பரப்பின் தென்கோடியில், கடலை அடுத்து, முத்துப்பேட்டை என்னும் பேரூர் அமைந்துள்ளது. திருஞானசம்பந்தப்பெருமானார் பதிகம் பெற்ற திருவுசாத்தானம், இந்நாளிற் கோயிலூர் எனப்படுவது, அதன் அயலிலேயே உள்ளது. பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு முதலியன வயல்களையெல்லாம் ஊட்டி, எஞ்சிய நீரைக் கொண்டு இவ்வூர்ப் பக்கத்தே கடலோடு கலக்கின்றன. ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்குமிடத்திலே ஏறத்தாழ 12,000 எக்டேர் பரப்பில் காடும், சேற்றுநிலமும், நீர்நிலையுமாகப் பரந்து கிடப்பது அலையாத்திக்காடு. அலையை ஆற்றுவது, அஃதாவது தணிப்பது, ஆதலின் அப்பெயர் பெற்றது என்பர்.

இக்காடு கடலைத் தடுப்பதில்லை என்பது ஊன்றி நோக்கத்தக்கது. கடல்நீர் ஓதத்தில் உட்புகுகின்றது, வற்றத்தில் வெளிச்செல்கின்றது. மதில் அலையை எதிர்த்து மோதும். மோதி மோதி ஒருநாள் இடியும். காடோ அலையை உள்ளே வரவிடுகின்றது. வந்த அலை ஆயிரக்கணக்கான அடிமரங்களிடையும் வேர்களிடையும் பகுந்து பகுந்து தன் வேகம் குன்றுகின்றது. கரைக்கு வருங்கால் அஃது அலையாக வாராது வெறும் நீராகவே வருகின்றது. அச்சேற்றிற் காற்றில்லை, ஆதலின் அலையாத்தி மரம் தன் வேரினின்று விரல்கள் போன்ற சிறுவேர்களை மேலே எழுப்பி அவற்றான் மூச்சு வாங்குகின்றது. உள்ளே புகுந்த உப்பினை இலைவழியே புறத்துத் தள்ளுகின்றது. உவர்நிலத்தில் வாழ்ந்தும் உவர்ப்பினைத் தன்பால் தேக்கி வைத்துக்கொள்ளாமையே அதன் வாழ்வு.

இல்லமும் இத்தகையதாதல் வேண்டும். அலை வாராத இல்லம் உலகத்தில் இல்லை. கடன், நோய், இழவு, விளைவின்மை, பணியிற் பட்ட அவமதிப்பு ஆகிய அலைகள் குடிதோறும் வந்தே தீரும். அவற்றை அடைத்து வைக்க முயல்வோன் மதில் கட்டுவோனை ஒப்பான். அவை உட்புகுந்து வேகம் தணியுமாறு இல்லத்தை அமைத்துக்கொள்வோனே அறிவுடையோன்.

இவ்வமைப்பு முதற்கண் உடல்பற்றியது. தஞ்சைப் பகுதியின் பழைய மனைகளிலே திண்ணையும், இரேழியும், வானம் நோக்கிய முற்றமும், அதனைச் சூழ்ந்த தாழ்வாரமும், பின்னே கொல்லையும் இருந்தன. தெருவிலிருந்து வந்தோன் உடனே அடுக்களையிற் புகுதலில்லை. செம்பில் வைத்த நீராற் கால் கழுவித் திண்ணையிற் சிறிது அமர்ந்து, வெயிலும் வெகுளியும் ஆறியபின்னரே உட்சென்றான். திண்ணை அம்மனைக்கு அலையாத்தியாய் நின்றது. முற்றத்தின் வழியே வெப்பக்காற்று மேலெழுந்து செல்ல, வாயில்வழியே குளிர்காற்று உள்ளே வந்தது. இந்நாளில் நிலம் அருகியமையால் திண்ணையும் முற்றமும் வைத்துக் கட்டுதல் பலர்க்கு இயலாததாயிற்று. அவற்றின் பயனையேனும் இழவாதிருத்தல் கூடும். ஒன்றற்கொன்று எதிரெதிராகச் சாளரங்கள் வைத்தலும், அவற்றை நாள்தோறும் திறத்தலும், வீடு புகுந்தோர் கால்முகம் கழுவிக் காற்பங்கு நாழிகையேனும் வாளா அமர்தலும் எவர்க்கும் அரியன அல்ல.

அடுக்களையின் புகை அடுத்துக் கருதத்தக்கது. விறகும் வறட்டியும் எரிக்கும் அடுப்பின் புகை கண்ணை மட்டும் கரிப்பதன்று. நுரையீரலையும் இதயத்தையும் கெடுப்பது. வீட்டினுள் எழும் இத்தகைய புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அடுப்பின் அருகே நெடும்பொழுது இருப்போர் மகளிரும் அவர் மடியிலுள்ள குழந்தைகளுமே. எரிவாயு அடுப்பு வந்த பின்னரும் உருளையின் விலையை எண்ணி விறகடுப்புக்கு மீளும் குடிகள் உள. ஒரு குடும்பத்தின் செலவுக் கணக்கில், தாயின் மூச்சு எவ்வரிசையில் எழுதப்பட்டிருக்கின்றது என்பதைக் கொண்டே அக்குடும்பத்தின் அறத்தை அளந்துவிடலாம். வேறு அடுப்புக்கு வழியில்லையேல், புகைபோக்கியும் திறந்த சாளரமுமாவது வேண்டும்.

தேங்கிய நீர் பிறிதொன்று. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு சாக்கடையிற் பிறப்பதன்று. தொட்டி, குடம், பூச்சட்டித் தட்டு, கொல்லையிற் கிடக்கும் தேங்காய்த்தொட்டி ஆகியவற்றில் நிற்கும் தெளிந்த நீரிலே முட்டையிடுவது. முட்டை கொசுவாதற்கு ஏழு முதல் பத்து நாள் வரை ஆகும். ஆதலின் வாரந்தோறும் ஒருநாள் நீர்க்கலங்களைக் கவிழ்த்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, உலரவைத்தால் அதன் பிறப்பு அறுபடும். தேய்த்தல் ஏன் எனின், முட்டைகள் கலத்தின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, நீரின்றியே பல திங்கள் கிடந்து, மீண்டும் நீர் பட்டவுடன் பொரிக்கும் ஆகலின் என்க.

பெருக்குதலும் கழுவுதலும் இழிந்த தொழில்கள் அல்லவோ, அமைதியை நாடுவோன் அவற்றில் காலம் போக்குதல் தகுமோ எனின், சைவநன்மக்கள் அங்ஙனம் வினவார். திருக்கோயிலில் அலகிடுதலும், மெழுகுதலும், மலர் தொடுத்தலும், விளக்கிடுதலும் சரியை என்னும் நெறியாகச் சாத்திரங்கள் வகுத்துள்ளன. திருநாவுக்கரசு சுவாமிகள் உழவாரப்படை தாங்கித் திருமுற்றங்களிற் புற்செதுக்கியமையை அறியாதார் யார்? இறைவன் இல்லத்திற் செய்யுங்கால் உயர்ந்ததாகிய தொழில், அவனடியார் வாழும் இல்லத்திற் செய்யுங்கால் இழிந்ததாதல் யாங்ஙனம்?

ஈண்டு ஓர் உண்மையை மறைத்தலாகாது. பல இல்லங்களில் ஒருவருடைய அமைதி மற்றொருவருடைய இளைப்பினாற் செய்யப்படுகின்றது. குடும்பத்தலைவன் கூடத்தில் அமைதியாக அமர்ந்து நூல் ஓதுகின்றான். அடுக்களையில் ஒருத்தி முதுகு ஒடிய நிற்கின்றாள். இந்நாளில் மகளிரும் வெளியே சென்று தொழில் புரிந்து மாலையில் மீள்கின்றனர். அவர்க்கோ இல்லம் இளைப்பாறுமிடமாகாது, இரண்டாவது தொழிற்களமாகவே அமைகின்றது. அத்தகைய இல்லத்திற் பூசல் இல்லையென்று மகிழ்தல் பேதைமை. அஃது அமைதியன்று, ஒருவர் வாய் திறவாமையே அது.

இளையான்குடி மாறனார் மனையை இதற்கு மாறாகக் காணலாம். வறுமை வந்துற்ற காலத்தில், மழை பொழியும் நள்ளிரவில், ஓர் அடியார் பசியோடு அவர் வாயிலை அடைந்தார். இல்லத்தில் ஒன்றுமில்லை. பகலில் வயலில் விதைத்த நெல்முளையை வாரிக் கொணரலாம் என்னும் வழியை அறிந்து கூறியவர் மனைவியார். கூடையைத் தலைமேற் கவிழ்த்துக்கொண்டு இருளிற் காலால் வழி தடவிச் சென்று அதனைக் கொணர்ந்தவர் கணவனார். வாயிலிலே எதிர்கொண்டு சேறு கழுவியவர் மனைவியார். விறகில்லையென அறிந்து கூரைக் கொம்பை அறுத்து வீழ்த்தியவர் கணவனார். கொல்லையிலிருந்த இளம்பயிரைக் கையால் தடவிப் பறித்து வந்தவரும் அவரே. அதனைப் பலவகைக் கறியாகச் சமைத்தவர் அம்மையார். கூரையும் சிதைந்த அவ்வீட்டில், அந்த நள்ளிரவில், ஒரு கடுஞ்சொல் எழுந்ததாகப் பெரியபுராணம் கூறவில்லை. இருவரும் ஒரு செயலில் இரண்டு கைகளாய் இருந்தமையே அதற்குக் காரணம். பகிர்ந்த இளைப்பு பகையாவதில்லை.

இனி, மனம்பற்றிய அமைப்பைக் காண்போர்க்கு முத்துப்பேட்டைக் காட்டின் வரலாறே ஆசிரியனாக நிற்கின்றது. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்திலும் அதன் பின்னரும் இக்காட்டினைப் பகுதி பகுதியாக முற்றும் வெட்டியெடுக்கும் முறை கைக்கொள்ளப்பட்டது. மீண்டும் தானே வளரும் என்பது அவர்கள் எண்ணம். ஆயின், வெட்டிய இடங்களிற் காடு வளரவில்லை. நிழலிழந்த சேறு வெயிலிற் காய்ந்து தாழ்ந்தது. தாழ்ந்த நிலம் தொட்டிபோலாயிற்று. உட்புகுந்த கடல்நீர் வெளியேற வழியின்றி அங்கே தேங்கியது. வெயிலில் நீர் ஆவியாகிச் செல்ல உப்பு மட்டும் எஞ்சியது. ஓதந்தோறும் இவ்வாறு உப்பேறி, உவர்நிலத்தில் வாழப் பிறந்த மரமும் முளைக்கவொண்ணாத நிலமாயிற்று.

இதற்குத் தீர்வு யாது? 1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும், வனத்துறையும், ஊர்மக்களும் கூடி அத்தொட்டிநிலங்களிற் கால்வாய்கள் அகழ்ந்தனர். நடுவே ஒரு பெருங்கால்வாயும், மீனின் முள்போல அதன் இருமருங்கும் சிறுகால்வாய்களும் வெட்டப்பட்டன. அவற்றின் வழியே ஓதநீர் நாள்தோறும் வந்து சென்றது. வந்து சென்ற நீர் உப்பினை அரித்துக்கொண்டு போயிற்று. கன்றுகள் வேரூன்றின, பாழ்பட்ட இடங்களில் மீண்டும் காடு எழுந்தது.

மனக்குறையும் இவ்வாறே. ஒருநாள் வந்து மறுநாள் வெளியேறும் வருத்தம் இல்லத்தைக் கெடுப்பதில்லை. வெளியேற வழியின்றித் தேங்கிய வருத்தமே நாளடைவில் உப்பாக இறுகுகின்றது. அண்ணன் தம்பியர் இருவர் ஒரு வரப்பினை முன்னிட்டு மாறுபடுகின்றனர். அதனைப் பேசித் தீர்த்தாரில்லை. அடுத்த ஆண்டு ஒரு திருமணத்தில் அழைப்பு வைத்த முறையில் குறை காண்கின்றனர். பின்னர்த் தாயின் ஈமச்செலவில் கணக்குப் பார்க்கின்றனர். இறுதியில் எதனால் பகை என்று வினவின் இருவர்க்கும் விடை தெரியவில்லை. அந்நிலத்தில் இனி ஒன்றும் முளையாது என்பது மட்டும் தெரிகின்றது.

பூசலில்லாமலே மனை அழிதல் கூடும் என்பதற்குக் காரைக்காலம்மையார் வரலாறு சான்று. பரமதத்தன் அம்மையாரோடு வெகுண்டு சண்டையிட்டானல்லன். அவர் கையில் மாங்கனி வந்தருளிய அற்புதத்தைக் கண்டு அஞ்சினான்; அவ்வச்சத்தை அவரிடத்தும் கூறவில்லை, எவரிடத்தும் கூறவில்லை. ஒரு மனையிலே உடனிருந்தும் உள்ளத்தால் அகன்றிருந்தான். பின்னர்க் கலமேறி வணிகம் செய்யப் போவதாகச் சென்றவன், பாண்டிநாட்டில் வேறொரு மனை அமைத்துக்கொண்டான். அம்மையார் உலகபாசம் நீங்கித் திருவாலங்காடு சேர்தற்கு அது திருவருளின் வழியாயிற்று என்பது உண்மையே. ஆயினும் மனையறத்தின் பக்கம் நின்று காண்போர்க்கு, அவ்வில்லத்தைக் கலைத்தது கடுஞ்சொல்லன்று, சொல்லப்படாத சொல்லே என்பது புலனாகும்.

அங்ஙனமாயின், நெஞ்சில் தோன்றியதையெல்லாம் அவ்வப்பொழுதே கொட்டிவிடுதல் வேண்டுமோ எனின், அற்றன்று. கால்வாய் வேறு, வெள்ளம் வேறு. கால்வாய்க்கு அகலமும் ஆழமும் திசையும் உண்டு. வெள்ளத்துக்கு அவை இல்லை. வெகுளியின் உச்சியிற் பேசுவது வெள்ளம். வெகுளி தணிந்தபின், பிறர் செவிபடாத இடத்தில், நடந்த ஒன்றனை மட்டும் எடுத்து, பழைய கணக்குகளைக் கிளறாது, "இதனால் எனக்கு வருத்தம் உண்டாயிற்று" என்று கூறுதல் கால்வாய். கேட்போரும் உடனே விடை கூறப் புகாது முழுவதும் கேட்டல் வேண்டும். பேச ஒரு வழியும் கேட்க ஒரு பொழுதும் இல்லத்தில் இருத்தல் வேண்டும். இரவுணவை ஒருங்கமர்ந்து உண்ணுதல் முன்னாளில் இப்பயனைத் தந்தது. இந்நாளில் உண்ணும்போதும் ஒவ்வொருவர் கையிலும் அலைபேசி உளது. உலகத்தின் அலையெல்லாம் அதன் வழியே இல்லத்துட் புகுகின்றது. எதிரிலிருப்பவரின் வருத்தத்துக்கு மட்டும் வழி அடைபட்டுவிடுகின்றது. உண்ணும் பொழுதிலும் உறங்குமுன் ஒரு நாழிகையும் அதனைக் கூடத்தில் வைத்துவிடுதல், உறக்கத்துக்கும் உறவுக்கும் ஒருங்கே மருந்தாம்.

அக்காட்டில் அலையாத்தியோடு தில்லைமரமும் வளர்கின்றது. சிதம்பரத்துக்குத் தில்லையென்னும் பெயரைத் தந்த மரம் அதுவே. அதன் பட்டையைக் கீறின் வெளிப்படும் பால் கண்ணிற் பட்டால் பார்வைக்குக் கேடு விளைப்பது. கீறாதார்க்கு அஃது ஒன்றும் செய்வதில்லை. கரையைக் காத்து நிற்கும். அத்தகைய மரம் சூழ்ந்த வனத்தையே கூத்தப்பெருமான் தனக்கு இடமாகக் கொண்டருளினான். இல்லந்தோறும் இத்தகையார் ஒருவர் இருத்தல் கூடும். முன்கோபமுடைய முதியவராகவோ, எளிதிற் புண்படும் இளையவராகவோ அவர் இருப்பர். எவ்விடத்திற் கீறலாகாது என்று அறிந்து பழகுதல் அஞ்சிப் பணிதலாகாது. மரத்தின் இயல்பறிந்து வாழ்தலாகும். எனினும் ஒரு வரையறை உண்டு. கையோங்கி அடிப்போரைப் பொறுத்துக்கொண்டிருத்தல் பொறையன்று. ஆண்டு முதலில் வேண்டுவது அடிபடுவோரின் காப்பு, அமைதி பின்னர்.

இனி, அலையாற்றும் காட்டையும் மீறி வரும் அலை ஒன்று உண்டு. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் விடியுமுன், கசா எனப் பெயரிடப்பட்ட புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தோடு வீசிய காற்றில், முத்துப்பேட்டைக் காட்டின் மரங்களே முறிந்தும் இலையிழந்தும் நின்றன. சுற்று வட்டாரங்களில் தென்னைகள் பல இலட்சம் வீழ்ந்தன. கீற்றுக்கூரைகளும் ஓட்டுக்கூரைகளும் பறந்தன. பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்னொளி இல்லை. ஒரு தலைமுறைக் காலம் வளர்த்த தோப்பினை ஓரிரவில் இழந்தோர் பலர்.

அத்தகையோரிடம் சென்று இல்லத்தின் அமைதியைப் பேசுதல் தகுமோ என்னும் வினா ஈண்டு எழுகின்றது. இவ்வினாவை எளிதிற் கடந்துவிடுதல் நேர்மையாகாது. மாறனார் கூரையின்றியும் அமைதியாயிருந்தாரன்றோ என்று எடுத்துக்காட்டுவோர், ஒரு வேறுபாட்டினை மறக்கின்றனர். மாறனார் கூரையைத் தாமே ஈந்தார். இவர்கள் கூரையோ பறிக்கப்பட்டது. தாமே ஈந்த வறுமை தவமாகும். பறிபோன வறுமை துன்பமாகும். துன்புற்றோனிடம் தவத்தின் பெருமையை உரைத்தல் அவன் புண்ணில் உப்பிடுதலை ஒக்கும். மாறனார் வரலாறு கூரையிழந்தோர்க்குச் சொல்லப்பட்டதன்று, கூரையுள்ளோர்க்குச் சொல்லப்பட்டது. வாயிலில் நனைந்து நிற்போன் பொருட்டுத் தன் கூரையினின்று ஒரு கொம்பையேனும் எடுத்தல் கூடுமோ என்பதே அஃது அவர்களை வினவும் வினா. வீழ்ந்த குடிலின் மேல் ஒரு கீற்றுப் போட்டுக் கொடுத்த பின்னரே, அக்குடிலில் உள்ளோர்க்கு அமைதி கூறும் உரிமை ஒருவனுக்கு உண்டாகும்.

இதனால் மற்றோர் உண்மையும் பெறப்படும். தனிமரம் அலையை ஆற்றாது; அது முதல் அலையிலேயே சாயும். மரங்கள் பல நெருங்கி நின்று ஒன்றன் மறைவில் ஒன்று வாழ்வதாலேயே காடு நிற்கின்றது. கடலை நோக்கிய மரம் உள்ளிருக்கும் மரத்தைக் காக்கின்றது. உள்ளிருக்கும் மரம் மண்ணைப் பற்றி முன்னிருப்பதை நிலைநிறுத்துகின்றது. தன் வீட்டை மட்டும் தூய்மையாக வைத்துக் குப்பையைத் தெருவிற் கொட்டுவோன், தெருவிற் பிறந்த கொசு தன் சாளரத்தை அறியும் என்பதை மறந்தவன். இரவில் ஒலிபெருக்கி வைத்து விழாக் கொண்டாடுவோன், அடுத்த வீட்டு நோயாளியின் உறக்கத்தைத் தன் மகிழ்ச்சிக்கு விலையாகக் கொடுக்கின்றான். தெருவின் அமைதியில் தனக்கும் பங்குண்டு என்று எண்ணும் இல்லமே நெடிது அமைதியுறும்.

காற்று அடங்கிய பின்னர், முறிந்த அக்காட்டில் மீண்டும் தளிர்த்த மரங்களும் உள, பட்டுப்போனவையும் உள. மனையிலும் இழந்தவை யாவும் மீளும் என்று கூறுதல் பொய்யாகும். மீண்டு வருவோர்க்கு இடம் இருத்தல் வேண்டும் என்பதே கூறத்தக்கது. திலகவதியார் மனை அத்தகையது. தம்பியார் மருணீக்கியார் தம்மை விட்டு நெடுந்தொலைவு சென்றுவிட்டார். அம்மையார் திருவதிகையில் தங்கி, வைகறை எழுந்து திருக்கோயிலில் அலகிட்டும் மெழுகியும் மலர்மாலை தொடுத்தும் நாள் கழித்தார். ஆண்டுகள் பல கடந்தபின் ஓரிரவில், சூலைநோயால் வாடிய தம்பியார் வந்து அவர் அடியில் வீழ்ந்தார். சென்ற ஆண்டுகளின் கணக்கை அம்மையார் அப்பொழுது விரித்திலர். திருநீறு அளித்தார், விடியுமுன் தாம் வழக்கமாகச் செல்லும் திருக்கோயிலுக்கே அவரை உடனழைத்துச் சென்றார். புதிதாக ஒன்றும் அவர் செய்யவேண்டியிருக்கவில்லை. நாள்தோறும் செய்துவந்த அமைதியான தொழிலே, நோயோடு வந்தவர்க்கு வழியாக அமைந்தது. திருநாவுக்கரசரைச் சைவவுலகம் பெற்றது அவ்வழியாலன்றோ?

இறுதியாக, அமைதி எதன்பொருட்டு என்பதையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். முத்துப்பேட்டைக் காட்டில் அலை தணிந்த நீரிலே, வேர்களின் இடுக்குகளில், இறாற்குஞ்சுகளும் மீன்குஞ்சுகளும் வளர்கின்றன. திறந்த கடலில் அவை பிழைத்தல் அரிது. வளர்ந்தபின் அவை கடலுக்கே செல்கின்றன. காடு அவற்றைத் தன்பால் நிறுத்திக்கொள்வதில்லை. அதுபோல, ஓர் இல்லம் அமைதியாயிருத்தல் அதன் தலைவன் சாய்ந்திருந்து இளைப்பாறுதற்கு மட்டும் அன்று. அங்கு வளரும் குழந்தை, அங்கு ஓயும் முதியோர், அங்கு வந்து சேரும் விருந்து ஆகிய யாவரும் சிறிதுபோழ்து அலையின்றி இருந்து வலிமை பெற்று மீண்டும் உலகக் கடலிற் செல்லுதற்பொருட்டே அவ்வமைதி. இன்று மாலை வாயிலை மிதிப்போர், தம்மோடு எந்த அலையை உள்ளே கொணர்கின்றனர் என்பதை ஒருகணம் நின்று எண்ணுவாராயின், அந்த ஒருகணமே அவர்தம் இல்லத்தில் நட்ட முதற்கன்றாகும்.